எழுதிக் கொடுத்த பின்

மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களில் இராமாயண ஓவியங்களைக் கண்டுவிட்டு வெளியே வந்தபோது, உடன் வந்த தமிழ் அம்மையார் ஒருவர் தயங்கியவாறு கேட்டார்: "சுவாமி, வீட்டை மகன் பேருக்கு எழுதிவிடலாமா?"

தாய் கேட்டுப் பெற்ற அரசையே வேண்டாமென்ற பரதனைப் பற்றித்தான் அதுவரை பேசியிருந்தோம். எனினும் எனக்கு நினைவுக்கு வந்தது பிரேம்சந்தின் 'பூடி காகி' என்ற ஹிந்திச் சிறுகதை. ஆதரவற்ற முதியவள் மகன் முறையான புத்திராமுக்குச் சொத்து முழுவதையும் எழுதித் தருகிறாள். அதன்பின் வயிறாரச் சோறில்லை. வீட்டில் திலக விழா, பூரி மணக்கிறது. பசி தாளாமல் தவழ்ந்து வந்தவளுக்கு வசையே கிடைக்கிறது. நள்ளிரவில் எச்சில் இலைகளைத் தேடி உண்கிறாள். அவளுக்காகத் தன் பங்குப் பூரிகளை ஒளித்து வைத்துக் கொண்டுவந்தவள், சொத்துக் கணக்கு ஏதுமறியாத சிறுமி லாட்லி ஒருத்தியே.

புத்திராம் கொடியவன் அல்லன். தன் பொருளுக்குக் குறைவு வராதவரை நல்லவன்தான். நாம் அஞ்ச வேண்டியது இதற்கே. கீதை லோபத்தை நரகத்தின் வாயில்களுள் ஒன்றென வைத்தது. அது இத்தகைய நல்லவர் வீட்டிலும் திறக்கும்.

"பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள், அம்மா. அதை மீறினால் சொத்தைத் திரும்பப் பெற 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழி செய்கிறது" என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா, சுவாமி?" என்றார்.