யந்திரத்தினிடம் ஒப்படைக்கத் தக்கது யாது?

ஒரே வேலையை நாள்தோறும் செய்வது மனிதனுக்குப் பெருமையா, சிறுமையா? பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, செக்ரோலில் குறித்து, மாதக் கடைசியில் கூட்டிக் கணக்கு ஒப்பிக்கும் தோட்டக் கிராணிகளாகிய நமக்கு இக்கேள்வி புதிதன்று.

நமது தோட்டத்து வாசகசாலைக்கு ஓர் இணையதளம் உண்டு. அதனைப் பேணும் பொறுப்பு நம்மிடம் வந்தது. தேடுபொறியில் அது முன்வரிசையில் தோன்ற வேண்டுமாயின், ஒவ்வொரு பக்கத்திற்கும் தலைப்பும் குறிப்புரையும் உளவா எனப் பார்த்தல், அறுந்த இணைப்புகளைக் கண்டு நீக்குதல், புதிய பக்கங்களைத் தளவரைபடத்தில் சேர்த்தல், படங்களுக்கு மாற்றுரை எழுதுதல் ஆகியவை ஓயாமல் நடைபெற வேண்டும். 200 பக்கங்களைக் கையால் சோதிக்க நமக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. பின்னர் ஒரு சிறு நிரல் எழுதினோம்; அது சில நிமிடங்களில் முடித்துவிட்டது.

இதனைச் சோம்பல் என்பார் உளர். நாம் ஒப்போம். அறுந்த இணைப்பை எண்ணுவதில் அறிவுக்கு என்ன வேலை? ஆயினும் எல்லை ஒன்று உண்டு. 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரினும் கூகுளைத் தொடங்கியபோது கொண்ட கருத்து யாது? ஒரு பக்கத்திற்குப் பிறர் தரும் இணைப்பு ஒரு நற்சாட்சி. மதிப்புடையோர் தரும் சாட்சிக்கு மதிப்பு மிகுதி என்பதே. சாட்சிக்கு விலையுண்டு எனக் கண்டவர் பொய்ச் சாட்சியை யந்திரத்தால் பெருக்கினர். 2012-இல் ‘பெங்குவின்’ என்னும் மாற்றத்தால் கூகுள் அவற்றைப் பின்தள்ள முற்பட்டது. 2024 மார்ச்சிலோ, வரிசையில் முந்துவதற்காகவே மொத்தமாகப் பெருக்கப்படும் பக்கங்களை, யந்திரம் எழுதினும் மனிதன் எழுதினும், விதிமீறல் என அறிவித்தது.

நாம் பொய்ச் சாட்சி பெருக்கவில்லை, எனினும் பிழைத்தோம். மாற்றுரை எழுதுவதையும் யந்திரத்திற்கே விட்டோம். பழைய இரவுப் பள்ளிப் படத்திற்கு அது, “மனிதர் சிலர் மரத்தடியில் நிற்கின்றனர்” என்று எழுதியது. நமது சோதனை நிரலோ, “மாற்றுரை உண்டு, குறையில்லை” எனச் சான்று தந்தது.

பட்டணத்தில் வாழும் கண்பார்வையற்ற அன்பர் ஒருவர், நம் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளியின் மகன், அப்பக்கத்தைக் கருவி வாசிக்கக் கேட்டுவிட்டு நம்மை அழைத்தார். “கிராணி ஐயா, அந்தப் படத்தில் எங்கள் அப்பா இருப்பாரே, அவர் பெயரைச் சொல்லவில்லையே?” என்றார்.

நாள்தோறும் பெயர் கூப்பிடும் நமக்கு நா எழவில்லை.

அன்றிரவே தோட்டத்து முதியவர் ஒருவரை அருகில் அமர்த்தி, படத்திலுள்ளோர் பெயர்களைக் கேட்டு ஒவ்வொன்றாக எழுதினோம். எட்டுப் பேருக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒருவர் பெயர் முதியவருக்கும் நினைவில் இல்லை.

அன்பர்களே, குறை எங்கே என்று காட்டும் வேலையை யந்திரம் செய்யட்டும். அக்குறையை நிரப்புவது அறிந்தவன் கடமை. யந்திரம் மீட்டுத் தந்த நான்கு ஞாயிறுகளை அக்கடமைக்குச் செலவிடாவிடின், நாம் மீட்டது என்ன?