சுங்கச் சாவடியும் முஸ்லிமின் சொல்லும்

பாவூர்சத்திரம் என்னும் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் பெருவழியில் உள்ள ஊர் இது. அன்றைய வழிப்போக்கர் கட்டுச்சோற்று மூட்டையுடன் வந்தார். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் துபாய்க்கும் ரியாத்துக்கும் சிங்கப்பூருக்கும் போய், திருவனந்தபுரத்தில் இறங்கி, ஆரியங்காவு மலைப்பாதை வழியாகப் புளியரை, செங்கோட்டை கடந்து வீடு வந்து சேர்கிறார்கள்.

வந்தவரின் பெட்டியைத் திறக்கும்போது வீடே சூழ்ந்து நிற்கும். அத்தரும் பேரீச்சம்பழமும் வெளிவரும். பிறகு கைப்பேசி, கேமரா, மடிக்கணினி. “அங்கே இது என்ன விலை?” என்று எல்லோரும் கேட்பார்கள். “சுங்கத்தில் என்ன சொல்லிக் கொண்டு வந்தாய்?” என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

ஓர் இரவு இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார்: “ஹஜ்ரத், மக்ஸ் வாங்குகிறவன் சுவனம் புகமாட்டான் என்று ஹதீஸ் இருக்கிறதே. அப்படியானால் பாவம் வரி கேட்கிறவனுக்குத்தானே? கொடுக்காமல் வந்தவனுக்கு என்ன?”

கேள்வி நல்ல கேள்வி. அரைகுறையாகப் பதில் சொன்னால் மார்க்கத்தையே கேடயமாக்கிப் பொய் சொல்லும் நிலை வந்துவிடும். ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

மக்ஸ் என்பது எது?

அந்த ஹதீஸ் அபூதாவூதில் வருவது உண்மையே. முஸ்லிம் கிரந்தத்தில், பாவமன்னிப்புக் கோரிய காமிதிய்யா பெண்மணியின் சம்பவத்திலும், மக்ஸ் வசூலித்தவனின் குற்றம் எவ்வளவு பெரிது என்பது குறிப்பிடப்பட்டிருக்கிறது. வழிமறித்து, நியாயமின்றி, வணிகர்களின் பொருளைப் பறித்தவர்களைப் பற்றிய எச்சரிக்கை அது என்றே ஆலிம்கள் விளக்கியிருக்கிறார்கள்.

ஆனால் எல்லையில் வசூலிக்கப்படும் எல்லாப் பணமும் மக்ஸ்தான் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அயல்நாட்டார் நம் வணிகர்களிடம் பத்தில் ஒரு பங்கு வாங்குகிறார்கள் என்று அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் எழுதிக் கேட்டபோது, அவர்கள் வாங்குவது போலவே நீங்களும் வாங்குங்கள் என்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஆணையிட்டார்கள். அயல்நாட்டு வணிகரிடம் பத்தில் ஒன்று, திம்மிகளிடம் அதில் பாதி, முஸ்லிம்களிடம் நாற்பதில் ஒன்று என்று கணக்கு வைக்கப்பட்டது. ஸியாத் இப்னு ஹுதைர் அவர்கள் இந்த வசூலுக்கு நியமிக்கப்பட்டார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கிதாபுல் கராஜில் இந்த விவரம் இருக்கிறது. பொக்கிஷம் வறண்டு, பொதுத் தேவை நெருக்கும்போது செல்வர்கள் மீது கூடுதல் சுமை விதிக்கலாம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் நிபந்தனைகளோடு எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் சுங்கம் புதியதன்று. ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று முதலாம் குலோத்துங்கனைப் போற்றுகிறார்கள். சுங்கம் மக்களுக்குப் பாரமாக இருந்ததனால்தானே அதைத் தவிர்த்தது புகழாயிற்று! வரி பாரமானது என்பதை நானும் மறுக்கவில்லை. எந்த வரி நியாயம், எது அநியாயம் என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வழக்கைத் தீர்க்கும் தகுதி இந்த எளியவனுக்கு இல்லை. அதைத் தீர்க்காமலே நமக்குத் தெளிவாகிவிடும் விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

பேசாமல் சொல்லும் பொய்

விமான நிலையத்தில் இரண்டு வழிகள் உண்டு. வரிக்குரிய பொருள் உள்ளவருக்குச் சிவப்பு வழி. இல்லாதவருக்குப் பச்சை வழி. தம் மூட்டையில் இருப்பதை உரிமையாளர் அறிவிக்க வேண்டும் என்பது 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 77-வது பிரிவு. அறிவிக்காமல் கொண்டுவந்த பொருளைப் பறிமுதல் செய்யவும் அச்சட்டம் இடம் தருகிறது.

“நான் பொய்யே சொல்லவில்லை; யாரும் கேட்கவில்லை, நடந்து வந்துவிட்டேன்” என்று சிலர் கூறுவர். பச்சை வழியில் நடப்பதே “என்னிடம் எதுவும் இல்லை” என்று சொல்வதுதான். நாக்கு அசையாவிட்டாலும் கால் பேசிவிடுகிறது. இரட்டைப் பொருளில் பேசித் தப்பும் தவ்ரியாவைப் பற்றி இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அது பிறருடைய உரிமையை மறுப்பதற்குக் கருவியானால் ஹராமாகிவிடும். சத்தியம் வாங்குபவர் எந்தப் பொருளில் வாங்குகிறாரோ அந்தப் பொருளிலேயே அது கணக்கிடப்படும் என்ற கருத்தில் ஸஹீஹான ஹதீஸும் இருக்கிறது.

அதுமட்டுமல்ல. கடவுச்சீட்டைக் கையில் வாங்கி, விசா பெற்று, ஒரு நாட்டின் எல்லையைக் கடப்பவர் அதன் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டுதான் கடக்கிறார். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே ஏவுகிறது. ஹராமை ஹலாலாக்காத வரை, முஸ்லிம்கள் தாங்கள் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதும் ஹதீஸின் போதனை.

“இது இஸ்லாமிய அரசு இல்லையே” என்பார்க்கு ஒன்று சொல்வேன். ஹிஜ்ரத் இரவை நினைத்துப் பாருங்கள். மக்கத்துக் குறைஷிகள் கொலைக்குத் திட்டமிட்டு வீட்டைச் சூழ்ந்து நின்ற அந்த நேரத்திலும், அவர்கள் ஒப்படைத்திருந்த அமானிதங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவிலேயே விட்டுச் சென்றார்கள். எதிரியின் பொருளிலும் மோசடி இல்லை. நாம் குடியிருக்கும் நாட்டின் பொதுப் பணத்தில் மோசடி எப்படி ஆகும்?

அதிகாரியின் கையில் ஏதாவது திணித்துவிட்டு வருவது இதைவிட மோசம். லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் சபிக்கப்பட்டவர்கள் என்பதை நாம் எத்தனை ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம்!

என் தலையில் விழுந்த குட்டு

பிறருக்கு உபதேசம் சொல்வதோடு நிறுத்தினால் அது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நான் உம்ரா முடித்துத் திரும்பும்போது, ஜித்தாவில் நம் பகுதிக்காரர் ஒருவர் ஒரு சிறு அட்டைப்பெட்டியைத் தந்தார். “பிள்ளைகளுக்குத் துணியும் பேரீச்சம்பழமும், ஹஜ்ரத்” என்றார். வாங்கி என் பெட்டிக்குள் வைத்தேன். விமானத்துக்குப் பெட்டியை ஒப்படைக்கும் இடத்தில், “எல்லாம் நீங்களே கட்டியதா? வேறு யாராவது கொடுத்த பொருள் இருக்கிறதா?” என்று கேட்டார்கள். “நானே கட்டியது; வேறு யாருடையதும் இல்லை” என்று பதில் சொன்னேன். அது பொய் என்பதுகூட அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, அவருடைய வீட்டாரிடம் கொடுத்தபோது என் கண் முன்னாலேயே பிரித்தார்கள். துணிக்கு நடுவே நான்கு புதிய கைப்பேசிகள். போன் செய்து கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்க தாடியையும் தொப்பியையும் பார்த்தா யாரும் பெட்டியைத் திறக்கச் சொல்ல மாட்டாங்க, ஹஜ்ரத். அதனாலதான் உங்ககிட்ட கொடுத்தேன்.”

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் செய்தது தவறுதான். ஆனால் பொய் சொன்ன வாய் என்னுடையது. சுன்னத்தான தாடியும் தொப்பியும் ஒரு கடத்தல் பொருளுக்கு உறையாகிவிட்டன. நம் தோற்றத்தைப் பார்த்து உலகம் நம்மை நம்பினால் அந்த நம்பிக்கையும் ஓர் அமானிதமே. அதை எனக்குக் கொடுத்தது நான் படித்த மத்ரஸாவும் இந்தச் சமுதாயமும். நான்கு கைப்பேசிக்காக அதைச் செலவழித்துவிட்டேனே!

மின்சாதனங்களின் உள்ளே தங்கத்தை மறைத்துக் கொண்டுவந்து பிடிபடுகிற செய்திகளை நாம் பத்திரிகைகளில் படிக்கிறோம். அந்த அட்டைப்பெட்டியில் அப்படி எதுவும் இருந்திருந்தால் என் கதி என்ன? மனைவி மக்களின் கதி என்ன? ஒருவரிடம் உண்மையை மறைத்து இத்தகைய ஆபத்தை அவர் தலையில் ஏற்றுவது, வரி நியாயமா அநியாயமா என்ற எந்த வழக்கிலும் அடங்காத கியானத்து.

பொருள் ஹராமாகிவிடுமா?

“அப்படிக் கொண்டுவந்த கைப்பேசியைப் பயன்படுத்தலாமா?” என்று கேட்பார்கள். பொருள் அவருடைய சொந்த உழைப்பில், விலை கொடுத்து வாங்கியது. எனவே அது அவருக்கே உரியது. ஜும்ஆ பாங்கு சொன்ன பின் நடக்கும் வியாபாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் விற்பனை செல்லும். ஆனால் செய்தவர் குற்றவாளி. இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். பொருள் சொந்தம்; வந்த வழி பாவம்.

விற்பதற்காகக் கொண்டுவந்தாலோ பாவத்துடன் இன்னொருவரின் நஷ்டமும் சேர்கிறது. நம் ஊர்க் கடைவீதியில் கைப்பேசி விற்கும் சிறு வியாபாரி, 2020 ஏப்ரல் முதல் கைப்பேசிக்கு நூற்றுக்கு 18 என்றான ஜி.எஸ்.டி.யைக் கட்டி விற்கிறார். பெட்டிக்குள் மறைந்து வந்த பொருளோடு அவர் எப்படிப் போட்டியிடுவார்?

தவ்பாவுக்கு வழி உண்டா? உண்டு. செய்ததை விட வேண்டும், வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என உறுதி கொள்ள வேண்டும். பிறர் உரிமை இருந்தால் அதை உரியவரிடம் சேர்க்க வேண்டும். உரியவரிடம் சேர்க்க இயலாத பணத்தைப் பொதுநலக் காரியத்தில் செலவிடுமாறு ஃபிக்ஹு அறிஞர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். அந்த நான்கு கைப்பேசிகளுக்கு எவ்வளவு வரி வந்திருக்கும் என்று கணக்கிட்டு, என் சக்திக்கேற்பச் சிறிது சிறிதாக அவ்வழியில் செலவிட்டேன். கணக்குத் தீர்ந்ததா என்பதை அல்லாஹ்வே அறிவான். சொன்ன பொய்க்கு அந்தப் பணம் ஈடாகாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பயணம் போகும் வீடுகளுக்கு

உண்மை சொல்வதனால் வரும் நஷ்டம் நாம் அஞ்சும் அளவுக்குப் பெரிதன்று. 2016-ஆம் ஆண்டின் பயணமூட்டை விதிகளில், வளைகுடா போன்ற நாடுகளிலிருந்து திரும்பும் இந்தியருக்கு 50,000 ரூபாய் வரையிலான பொருளுக்கு வரி இல்லாமல் இருந்தது. உடுத்திய துணி போன்ற சொந்த உபயோகப் பொருள்கள் இதில் சேரா. 18 வயது நிரம்பியவர் ஒரு மடிக்கணினியைத் தனியாக வரியின்றிக் கொண்டுவரலாம். மிகுதிக்கு மட்டுமே வரி. 2018-க்குப் பின் அது நூற்றுக்கு 38.5 ஆக இருந்தது. அந்தக் கணக்கில், 80,000 ரூபாய்க் கைப்பேசி என்றால் மிகுதியான 30,000-க்கு 11,550 ரூபாய் ஆயிற்று. இந்த அளவுகள் அவ்வப்போது மாறுபவை. 2013 ஆகஸ்டில், ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபோது, தட்டைத் திரைத் தொலைக்காட்சிக்கு இருந்த சலுகை ஒரேயடியாக எடுக்கப்பட்டது. ஆகவே புறப்படுமுன் அன்றைய விதியைக் கேட்டறிந்து கொள்வது அவசியம்.

கணவன் மனைவி இருவரின் சலுகையையும் ஒரே பொருளுக்குச் சேர்த்துக் காட்டவும் அந்த விதிகள் இடம் தரவில்லை. வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இங்கிருந்து விலையுயர்ந்த கேமரா கொண்டு போகிறவர், புறப்படும்போதே சுங்கத்தில் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது வீண் வழக்கில்லை. பிறர் தரும் பொருளைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். “நம்பிக்கை இல்லையா?” என்று அவர் கோபித்தாலும் கோபிக்கட்டும்.

வீட்டிலிருக்கும் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. “அடுத்த வீட்டுப் பிள்ளை கொண்டு வந்தானே, நீ ஏன் கொண்டு வரவில்லை?” என்ற ஒரு கேள்விதான் பல நேரங்களில் நம் பிள்ளையைப் பச்சை வழியில் தள்ளுகிறது. அவன் வெறுங்கையோடு வந்தாலும், பொய் சொல்லாத வாயோடு வந்தால் அதுவே அவன் கொண்டுவந்த பெரிய பொருள்.

அந்த நாளில் நம் பெட்டிகள் திறக்கப்படும். அங்கே பச்சை வழி என்று ஒன்று இல்லை. ஒவ்வொருவரும் சொல்லியே ஆக வேண்டும். அன்று வெட்கப்படாதபடி இங்கே நம் நாவையும் காலையும் நேர்மையில் நிலைக்கச் செய்ய வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.