ஒவ்வொன்றாக

2023 டிசம்பர் 17ஆம் தேதி ராத்திரி வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது அப்பா முதலில் சொன்னது, “அந்தக் கேபினெட்டத் தூக்குல” என்பதுதான். அரிசி மூட்டை அதற்குப் பிறகுதான் எங்கள் ஞாபகத்துக்கு வந்தது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய சமயம் அது. தூத்துக்குடித் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. மேசைக்கடியில் இருந்த யுபிஎஸ் முங்கிப்போயிற்று. கம்ப்யூட்டர் கேபினெட் மட்டும் கட்டிலின் மேல் போர்வை போர்த்திக்கொண்டு தப்பித்தது.

2005இல் கடையில் உட்கார்ந்து பாகம் பாகமாகச் சேர்த்து வாங்கிய கம்ப்யூட்டர். பென்டியம் 4, 256 எம்பி ராம், 40 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்குவதையும் ஏறுவதையும் ஒன்று, இரண்டு என்று எண்ணி எழுதுவதுதான் முப்பத்தைந்து வருட வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவதை விடவில்லை. பழைய துறைமுகத்தில் தான் பார்த்த தோணிகளை, பேர், முதலாளி, ஏற்றிய சரக்கு என்று நினைவிலிருந்து தட்டச்சு செய்துகொண்டே வருகிறார். இடையிடையே வேறு கதைகளும் இருக்கும். 1961இல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பின்போது அவருக்கு வயது பதினான்கு. சிப்பி அழுகிய வாடை ஊரெல்லாம் அடித்ததை இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறார்.

தண்ணீர் வடிந்து மூன்று மாதம் கழித்துப் பொத்தானை அழுத்தினோம். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. நீளமாக ஒரு கூவல், விட்டு விட்டு.

நான் புது லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்றேன். மனதுக்குள் இன்னும் பெரிய திட்டம் இருந்தது. லேப்டாப், வீட்டுக்கு இன்டர்நெட், வீடியோவில் பேசப் பழக்குவது, கீழ் அறையிலிருந்து அவரை மாடிக்கு மாற்றுவது, எல்லாம் ஒரே மாதத்தில். அப்பா ஒன்றும் சொல்லாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கையில் கொடுத்தார்.

இந்த ஊரில் ஒரு பொருள் பழுதாக அதற்கு வயதாக வேண்டியதில்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கேபினெட்டின் விசிறி கடற்காற்றை ஓயாமல் உள்ளே இழுக்கிறது. தூசியோடு உப்பும் போய்ப் போர்டில் படிகிறது. வறண்ட காலத்தில் சும்மா கிடக்கும். ஈரம் ஏறியதும் மின்சாரம் கடத்தும் மெல்லிய சேறாகி, செம்பைத் தின்ன ஆரம்பிக்கும். மூடியைக் கழற்றிப் பார்த்தபோது ஸ்க்ரூக்களின் தலையில் துரு பூத்திருந்தது. ராம் பலகையின் விளிம்பில் பல் வரிசை மாதிரி இருக்கும் பொன்னிறத் தகடுகள் மங்கி, ஓரிரண்டில் பச்சை ஏறியிருந்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் அந்தத் தகடுகளை மெல்லத் தேய்த்தேன். அழுத்தக் கூடாது, ஒரே திசையில் தேய்க்க வேண்டும். அப்பா டார்ச் பிடித்தார். திரும்பச் செருகியதும் கூவல் நின்றது. திரையில் எழுத்து வந்தது. தேதி மட்டும் 2002 ஜனவரி என்று காட்டியது. மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி உண்டு, சிஆர்2032. கரண்டு இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அதை மாற்றித் தேதியையும் திருத்தியபின் நாள் சரியாயிற்று.

ஆனால் பத்து நிமிடத்தில் அப்படியே உறைந்து நின்றது. இங்கேதான் நான் தப்பு செய்தேன். பொறுமை போய், ஒரே நாளில் பிராசஸருக்குச் சூடு கடத்தும் புது பேஸ்ட் தடவி, மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி, ராமையும் 1 ஜிபி ஆக்கினேன். உறைவது நின்றது. எதனால் நின்றது என்று தெரியவில்லை. அதோடு தினமும் சாயங்காலம் தானே அணைந்து மறுபடி எழும்பும் புது வியாதி ஒன்று சேர்ந்துகொண்டது. அது நான் மாற்றிய மூன்றில் எதனால் வந்தது என்றும் சொல்ல முடியவில்லை. மாற்றியதை எல்லாம் கழற்றி, பழையதை மாட்டி, முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதிக்கப் பத்து நாள் பிடித்தது. உறைந்ததற்குக் காரணம் காய்ந்து சுண்ணாம்பாகிப்போன பேஸ்ட். அணைந்து எழும்புவதற்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை.

“மெஷின்ல ஒண்ணும் இல்லல. கரண்டப் பாரு” என்றார் அப்பா. சாயங்காலம் அணைகிற நேரத்தை அவர் காலண்டர் தாளில் குறித்து வைத்திருந்தார். பக்கத்திலேயே தண்ணீர் மோட்டார் போட்ட நேரம். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவர் பிளக்கைக் கழற்றினால், வெள்ளத்தில் முங்கிய சாக்கெட்டுக்குள் கம்பி அரித்து நூலாகத் தொங்கியது. மோட்டார் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் இறங்கும். கெட்ட இணைப்பில் அது இன்னும் இறங்கிவிடும். கம்ப்யூட்டர் தாங்காமல் அணையும். பத்து நாள் நான் குறை சொன்ன பெட்டியில் குறையே இல்லை. எண்ணிப் பழகிய மனிதருக்கு அது தெரிந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கம்ப்யூட்டரில் செய்ததைத்தான் அப்பாவிடமும் செய்யப் பார்த்திருக்கிறேன் என்று பட்டது. எதை மாற்றினால் எது வலிக்கும் என்று தெரியாமலே அவருடைய அறை, மேசை, பழக்கம் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் பிடுங்கி நட நினைத்தேன். வயதானவர்கள் திடீரென்று எதிலும் ஒட்டாமல் போய்விட்டார்கள் என்று நாம் வருத்தப்படும்போது, அதற்கு முந்தைய மாதம் நாம் எத்தனை மாற்றினோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அன்போடுதான் செய்கிறோம். அதனாலேயே நம்மைச் சந்தேகிக்கத் தோன்றுவதில்லை.

தோணிக்காரர்களின் முறை வேறு. பாயில் ஓடிய தோணிகள் இன்ஜின் பூட்டிக்கொண்டு இன்றும் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் கொண்டுபோகின்றன. கரையேற்றி, பலகை இடுக்கு ஒவ்வொன்றிலும் பஞ்சுத்திரியை அடித்து இறுக்குவார்கள். தோணிக்கு என்ன வயது என்பது அங்கே பேச்சே அல்ல. எங்கே தண்ணீர் வாங்குகிறது என்பதுதான் பேச்சு.

அதனால் அவருடைய கம்ப்யூட்டரில் அவருக்கு உண்மையில் எது சிரமம் என்று கேட்டேன். இரண்டே சொன்னார். எழுத்து தெரியவில்லை, எழுதியதை வேறு எங்கும் படிக்க முடியவில்லை. முதலாவது எளிது. எழுத்தின் அளவைக் கூட்டி, பின்னணியை வெளிர்மஞ்சளாக்கி, தேவையற்ற ஐகான்களை எல்லாம் எடுத்துவிட்டு இரண்டே இரண்டை வைத்தேன், ஒன்று எழுத, ஒன்று பழைய பாட்டுக் கேட்க.

இரண்டாவதுதான் வேலை வைத்தது. அவர் எழுதியதெல்லாம் பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ‘அம்மா’ என்ற சொல்கூட ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். மெய்யின் புள்ளிக்கு அங்கே அரைப்புள்ளிதான் விசை. எங்கும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஆனால் அப்பாவின் விரல்கள் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவை. ‘யளனக’ வரிசை அவற்றில் ஊறியிருக்கிறது. தமிழ்99 விசை வரிசையைப் பழகுங்கள் என்று எழுபத்தேழு வயதில் சொல்வது அவர் கையைக் கட்டிப்போடுவதாகும். எக்ஸ்பியில் யூனிகோடுத் தமிழ் உடையாமல் தெரிய, மொழி அமைப்புக்குள் போய்ச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைச் சேர்க்க வேண்டும்; அதற்குப் பழைய சிடியைத் தேடி எடுத்தோம். பிறகு என்ஹெச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டு, டைப்ரைட்டர் வரிசையைத் தேர்ந்தெடுத்தேன்.

அப்பா ‘கொழும்பு’ என்று அடித்துப் பார்த்தார். டைப்ரைட்டரில் கொம்பை முதலில் அடித்து, அப்புறம் ‘க’ அடிக்க வேண்டும். யூனிகோடு உள்ளே ‘க’வை முன்னால் வைத்துக்கொள்கிறது. நடுவில் இருக்கும் மென்பொருள் அந்த இடமாற்றத்தைப் பார்த்துக்கொள்ள, விரல் தன் பழைய வழியிலேயே போயிற்று. திரையில் சொல் முழுதாக வந்து நின்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

இந்தப் பெட்டியால் முடியாதது நிறைய. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அதனால் இன்டர்நெட் ஒயரை இதில் செருகுவதே இல்லை. பேங்க் வேலையெல்லாம் என் போனில்தான். ஒருநாள் மதர்போர்டு மொத்தமாகப் போகும், அப்போது அதற்குப் பாகம் கிடைக்காது என்பதும் எங்களுக்குத் தெரியும். அதற்காக ஞாயிறுதோறும் எல்லாக் கோப்புகளையும் பென்டிரைவில் நகலெடுத்துவிடுகிறேன்.

நகலெடுக்கும் நேரத்தில்தான் படிக்கிறேன். போன வாரம் பார்த்தது ஒரு தோணியின் பேருக்கு எதிரே வெறும் இரண்டு சொல்: ‘வெங்காயம், மழை’. என்னவென்று கேட்டேன். அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினார். பென்டிரைவின் விளக்கு மினுக்குவது நின்று வெகுநேரமாகியும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.