தடைக்காலம் வரும் முன்னே



கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கும் அளவுக்குக் கையில் பணம் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்க மாட்டாரா என இயேசு இன்று கேட்கிறார் (லூக்கா 14). தம் சீடராவதற்குக் கொடுக்க வேண்டிய விலையைப் பற்றித்தான் பேசுகிறார். அதை விளங்க வைக்க அவருக்கு வீட்டுக் கணக்கு கைகொடுத்தது. தச்சர் வீட்டில் வளர்ந்தவர் அல்லவா!

"இன்னைக்கு இருக்கிறதைச் சாப்பிடுவோம், நாளைக்குக் கடல் கொடுக்கும்" என்று நம் கரையில் சொல்வோம். இதை விசுவாசம் என்றே நினைத்துக்கொள்கிறோம். யோசேப்பின் விசுவாசம் வேறு மாதிரி இருந்தது. செழிப்பான ஏழு ஆண்டுகளிலும் எகிப்தின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கச் சொன்னார். பஞ்சம் வரும் என்று கடவுள் கனவின் வழியாக முன்கூட்டியே காட்டிவிட்டார். தெரிந்த பிறகு சேர்த்து வைப்பதுதான் கீழ்ப்படிதல்.

நமக்குக் கனவுகூட வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது முடியும் நேரத்தில் பள்ளிக்கூடம் திறக்கும் என்பதும் தெரியும். இருந்தும் மே மாதம் வந்தால் நகை அடகுக்குப் போகிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறோம். வாங்கிவிட்டதால் அவர் சொல்லும் விலைக்கே மீனைக் கொடுக்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். வீட்டுச் செலவு நாளுக்கு 300 ரூபாய் என்றால் 61 நாளுக்கு 18,300. அரசின் தடைக்கால நிவாரணம் 8,000. மீதி 10,300. கடலுக்குப் போகும் மற்ற மாதங்களில், பங்குப் பணம் கைக்கு வந்ததும் வாரம் 240 ரூபாயை ஒதுக்கினால் அந்தப் பள்ளம் நிரம்பிவிடும். நல்ல பாடு கிடைத்த வாரத்தில் கூடுதலாகப் போடுங்கள், பாடு இல்லாத வாரத்தை அது தாங்கும். சேமிப்பு நிவாரணத் திட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். நாம் கட்டும் 1,500 ரூபாய், அரசுப் பங்கோடு 4,500 ஆகத் திரும்பி வருகிறது.

கணக்கு எளிது. உண்மையைப் பேசுவதுதான் கடினம். இரண்டு பிள்ளைகளையும் கடன்காரன் அடிமையாக்க வந்துவிட்டான் என்று கதறிய கைம்பெண்ணிடம் (2 அரசர்கள் 4), வீட்டில் என்ன இருக்கிறது என்று எலிசா கேட்டார். ஒரு கலயம் எண்ணெய் என்று அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னார். எண்ணெய் பெருகியது. அதை விற்றுக் கடனை அடை, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார் இறைவாக்கினர். புதுமை நடந்த வீட்டிலும் கடன்தான் முதல் செலவு!

நம் வீடுகளில் கணவன் வாங்கிய முன்பணம் மனைவிக்குத் தெரிவதில்லை. மனைவி கட்டும் வாரக் குழுக்கடன் கணவனுக்குத் தெரிவதில்லை. பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதாத தாள்கள் நாலு இருக்கும். இருவரும் சேர்ந்து அதில் எழுதுங்கள்: யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எப்போது முடியும். அரிசி, பருப்பு, மருந்து, கைபேசித் தவணை எல்லாம் வரட்டும். சாராயக் கடைக்குப் போகும் காசும் அதே தாளில் வரட்டும். அதை எழுதக் கை கூசுகிறதென்றால் எந்தச் செலவை முதலில் வெட்ட வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். நாலு வாரம் எழுதிவிட்டு விட்டுப்போனவர்கள் உண்டு. விட்ட இடத்திலிருந்து மறுபடி எழுதுங்கள்.

இன்னொன்றையும் இந்தப் பீடத்தில் நின்றே சொல்ல வேண்டும். திருவிழா வரிக்காக யாரும் வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். பிள்ளையின் புதுநன்மைக்கும் கடன் வாங்கிப் பந்தல் போடாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளின் கஞ்சியைக் குறைத்துக் கொண்டுவரும் காணிக்கையைப் புனிதர் யாரும் நம்மிடம் கேட்கவில்லை. முடிந்ததைக் கொடுங்கள், முடியாத ஆண்டில் ஜெபத்தைக் கொடுங்கள்.

எழுதிப் பார்த்தபின் வட்டி மட்டுமே மலைபோல் நிற்கிறதென்றால் தனியாகக் கிடந்து தவிக்காதீர்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பங்குத்தந்தை இல்லத்துக்கு வாருங்கள். கடன் கொடுத்தவரிடம் தவணை கேட்டுப் பேச வேண்டுமென்றால் நானும் உங்களோடு வருகிறேன்.