யாரிடம் ஆதாரம் கேட்கிறோம்?

திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் மானாவாரிக் காட்டுக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பி போகிறது. பருத்தி எடுக்கும் நாட்களில் மதினி பக்கத்து வேம்பில் தொட்டில் கட்டிவிட்டு வேலை பார்ப்பார். பிள்ளைக்கு நான்கு வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தது. மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அம்மா கேட்டாள்: "பிள்ளையக் கம்பிக்கடியில போடாதன்னு எத்தன தடவ சொல்லிருப்பேன்?"

அம்மா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அண்ணனும் அங்கேதான் நின்றான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் டென்வர் நகரில் புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் வீடுகளைத் தெருத் தெருவாகத் தேடிப் போய், அருகிலிருந்த மின்கம்பிகளைக் கவனித்தார் நான்சி வெர்தைமர். எட் லீப்பருடன் சேர்ந்து 1979இல் அந்த ஆய்வை வெளியிட்டார். பின்னர் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரிக் காந்தப்புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த வீடுகளில் இந்நோய் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரிந்தது. அத்தகைய வீடுகள் மிகச் சில, நோயும் அரியது. 2002இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இப்புலம் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று மட்டும் வகைப்படுத்தியது. கம்பிதான் காரணம் என்பது இன்றும் நிறுவப்படவில்லை. ஒரு தனிப் பிள்ளையின் நோய்க்கு இதுதான் காரணம் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

ஆகவே கோபுரத்தை நகர்த்தச் சொன்னால் ஆதாரம் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் தாயைக் குற்றம் சொல்ல யாரும் ஆதாரம் தேடவில்லையே! ஒரே சந்தேகம், கம்பிக்கு அது விடுதலை, பெண்ணுக்குத் தண்டனை.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரங்களை மின்வழி அமைப்பவர்களுக்கு வழங்க இடம் தருகிறது. அதன்படி நிலத்தைக் கையகப்படுத்தாமலே கோபுரம் நடலாம். சேதத்துக்கான இழப்பீடு பட்டாவில் பெயர் உள்ளவருக்குப் போகும். எங்கள் ஊரில் அது பெரும்பாலும் ஆண். அந்த நிலத்தில் களை வெட்டுகிறவளிடம், தொட்டில் கட்டுகிறவளிடம், வழி எங்கே போகட்டும் என்று யாரும் கேட்பதில்லை. அவளிடம் முதல் கேள்வி வருவது பிள்ளை படுத்த பிறகுதான். முடிவெடுக்கும்போது இல்லாதவள் பொறுப்பேற்கும்போது மட்டும் எப்படி வருகிறாள்?

உறுதியாகத் தெரியாத ஓர் ஆபத்தை யாராவது சுமந்துதான் ஆக வேண்டும். வீடுகளை விட்டு விலக்கி வழி அமைப்பதும், புலத்தை அளந்து ஊருக்குச் சொல்வதும் அந்தச் சுமையைப் பகிர்வதாகும். எங்கள் வீட்டில் அது முழுக்க ஒருத்தியின் தலையில் இறங்கியது.

"நாந்தான் காரணமா?" என்று மதினி ஒருநாள் கேட்டார். "இல்லை மதினி" என்றேன். கம்பியைப் பற்றி அவ்வளவு உறுதியாக என்னால் சொல்ல முடியாது. மதினியைப் பற்றிச் சொல்ல முடியும்.