நின்ற எஞ்சினில் கேட்பது

அம்பத்தூர் ஓ.டி. சிக்னல். முதல் கியர் விழவில்லை. கிளட்சை அடிவரை மிதித்தும் லீவர் பாதி வழியில் முரண்டு பிடித்தது. பின்னால் தண்ணீர் லாரியின் ஹாரன். இரண்டாவதைத் தொட்டுவிட்டு முதலுக்குத் தள்ளினேன், விழுந்தது. இரண்டு வாரமாக இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் சொல்லவில்லை.

*

தொழிற்பேட்டைக்குப் பின்னால் மெக்கானிக் பாயின் ஷெட். நான் சொல்லி முடிப்பதற்குள் கையை நீட்டி எஞ்சினை அணைத்தார்.

“இப்போ போடுங்க சார்.”

எல்லாக் கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்தன.

“பாக்ஸ் நல்லாருக்கு. கிளட்ச்சுதான் முழுசா விடல.”

எஞ்சின் நின்றால் கியர் பெட்டிக்குள் எதுவும் சுற்றுவதில்லை. அப்போதும் இறுக்கமாக இருந்தால், லீவரிலிருந்து பெட்டிவரை போகும் ராடிலோ புஷ்ஷிலோ கோளாறு. ஓடும்போது மட்டும் அடம் என்றால் பிளேட் ஃப்ளைவீலை விட்டு விலகவில்லை. ரிவர்ஸ் கர்ரென்று கடிப்பதும் அதனால்தான். பழைய வண்டிகளில் ரிவர்ஸுக்குப் பெரும்பாலும் வேகத்தைச் சமன்செய்யும் சின்க்ரோ கிடையாது. முன் கியர்கள் பூசி மெழுகுவதை ரிவர்ஸ் போட்டு உடைத்துவிடும்.

*

பெடலை விரலால் அமுக்கிப் பார்த்தார். எதிர்ப்பு தட்டுப்படும்வரை வெறுமனே இறங்கும் தூரம் இருக்கிறதே, அதுதான் ‘ப்ளே’. கிளட்ச் கேபிள் நீண்டு அது கூடிப்போனால் பிளேட் விலகாது. துளியும் விடாமல் இழுத்துக் கட்டினால் பிளேட் சரியாகப் பிடிக்காமல் வழுக்கும், ரிலீஸ் பேரிங்கும் ஓய்வில்லாமல் சுற்றித் தேயும். ஓரிரு விரற்கடை சும்மா இருக்கும் இடம் வேண்டும். இதை எழுதும்போது வேறெதையோ எழுதுவதுபோல் தோன்றுகிறது. தோன்றிவிட்டுப் போகட்டும், இது கேபிள்தான்.

*

பிளேட்டுக்கு உயிர் இருக்கிறதா? கைப்பிரேக்கை இழுத்து, நாலாவது கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துக் கிளட்சை மெல்ல விடச் சொன்னார். எஞ்சின் ஒரு உதறு உதறி நின்றது. வண்டி நின்றுபோனதற்காக நான் மகிழ்ந்த ஒரே நாள். நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்திருந்தால் பிளேட் காலி. பாக்ஸை இறக்க வேண்டும். (அடிக்கடி செய்து பார்க்கிற சோதனை அல்ல. நல்ல பிளேட்டும் கருகும்.)

பிறகு நியூட்ரலில் வைத்துக் காது கொடுத்தார். மிதித்தால் ஊளை என்றால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் அடங்கி, காலை எடுத்தால் திரும்பும் சத்தம் என்றால் பெட்டிக்குள் இருக்கும் பேரிங். இரண்டும் இல்லை.

*

இந்தப் பக்கத்து மண்ணுக்கே கிரீஸ் வாசனை. 1960களின் தொடக்கத்தில் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் லூகாஸ் டி.வி.எஸ்.ஸும். 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1965இல் ஆவடியிலிருந்து விஜயந்தா டாங்கி. பாய் தொழில் பழகியது ஸ்டீயரிங்குக்குக் கீழே கியர் இருந்த அம்பாசிடரில். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதற்குப் பின் பட்டறைக்கு வந்ததெல்லாம் தரை கியரும் கேபிளுமாகத்தான் வந்தது என்றார்.

*

கழற்றிய கேபிளைக் கையில் கொடுத்தார். உறைக்கு வெளியே ஒழுங்காக இருந்தது. உள்ளே இருந்து உருவியபோது நாலைந்து இழைகள் அறுந்து, துருவோடு சிலிர்த்துக்கொண்டு நின்றன.

“கால் எப்பவும் பெடல் மேலயே இருக்கா சார்?”

பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ வேலை நடந்த நாளெல்லாம் ஹாஃப் கிளட்ச்சிலேயே ஊர்ந்தவன் நான். பதில் சொல்லவில்லை. அவரும் காத்திருக்கவில்லை.

*

மாலை. சி.டி.எச். ரோடு வழியாகத் திரும்பினேன். கிளட்ச் இப்போது வேறு உயரத்தில் பிடிக்கிறது. திருமுல்லைவாயிலுக்குள் இரண்டு முறை வண்டி உதறி நின்றுவிட்டது. வீட்டு வாசலில் ரிவர்ஸ் போட்டேன். சத்தமில்லை. விழுந்ததா என்று லீவரை ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன்.

முதல் கியருக்கு மட்டும், கை இன்னும் இரண்டாவதைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது.