ஆத்தும இரட்சணியமும் தேவ அழைத்தலும்



பரீட்சை முடிவு வந்தவுடன் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு. பையனை எந்தக் காலேஜில் சேர்ப்பது? பெண்ணுக்கு நர்சிங்கா, டீச்சர் டிரெயினிங்கா? இவை வேண்டிய விசாரங்களே. ஆனால் இவற்றுக்கு முந்திக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சர்வேசுரன் இந்தப் பிள்ளையை எதற்காக உண்டாக்கினார்? தம்மை அறிந்து நேசிக்கவும், முடிவில் தம்மோடு மோட்சத்தில் வாழவுமே உண்டாக்கினார்.

நமது கூட்டேரிப்பட்டு பெருஞ்சாலையிலுள்ள ஊர். இங்கே பஸ்ஸுக்கு நிற்கிறவன் போகவேண்டிய ஊரை முதலில் தீர்மானிக்கிறான். பிறகுதான் எந்த பஸ் என்று பார்க்கிறான். ஆத்தும இரட்சணியமே நாம் அனைவரும் சேரவேண்டிய ஊர். அதைச் சேசுநாதசுவாமி தம் சிலுவைப் பாடுகளால் நமக்குச் சம்பாதித்தார். ஞானஸ்நானத்தில் இலவசமாகத் தந்தார். குருத்துவம், கன்னியர் ஜீவியம், விவாகம் என்பவை அந்த ஊருக்குப் போகும் வழிகள். ஊர் எல்லாருக்கும் ஒன்று. வழியோ அவரவர்க்கு ஆண்டவர் குறித்தது. அதைத்தான் தேவ அழைத்தல் என்கிறோம்.

அர்ச். அருளானந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். 1647-ல் லிஸ்பன் நகரில் பிரபு குடும்பத்தில் பிறந்து, அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். 1662-ல், 15 வயதில், சேசு சபையில் சேர்ந்தார். பின்பு இந்தியாவுக்குப் புறப்பட எண்ணியபோது, அவரைத் தடுக்கத் தாயார் செய்யாத முயற்சி இல்லை என்று அவருடைய சரித்திரம் சொல்லுகிறது. மகன் தாயை நேசித்தார். ஆனால் அழைத்தவரின் குரலுக்கே கீழ்ப்படிந்தார். நமக்கு அண்டையிலுள்ள செஞ்சிச் சீமையிலும் ஊழியம் செய்து, 1693 பிப்ரவரி 4-ந் தேதி ஓரியூரில் வேதத்துக்காகத் தலையைக் கொடுத்தார். அந்தச் செய்தி லிஸ்பனுக்கு எட்டியபோது, தாயார் துக்க உடை தரிக்கவில்லை. விழாக்கோல உடையோடு நன்றி வழிபாட்டுக்கு வந்தார். தடுத்த தாயே சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லும் தாயானார்!

“அப்படியானால் அர்ச்சியசிஷ்டவர்களாவது சுவாமிமாருக்கும் கன்னியருக்கும் மட்டுந்தானா?” என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. நட்டாலத்தில் 1712-ல் பிறந்த தேவசகாயம் பிள்ளை மணமானவர். திருவிதாங்கூர் அரசில் உத்தியோகம் பார்த்தவர். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். விசுவாசத்தை விடாததால் 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ந் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுத்தார். குடும்பமும் உத்தியோகமும் அவருக்கு மோட்ச பாதையாயின.

பெண் பிள்ளைகள் கேளுங்கள். பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்ட காலத்தில், 1844-ல், புதுச்சேரியில் துப்புயி சுவாமியார் பெண்களுக்குக் கல்வி கொடுப்பதற்காகவே மாதாவின் மாசற்ற இருதயத்தின் பெயரால் ஒரு கன்னியர் சபையை ஏற்படுத்தினார். நம் நாட்டுப் பெண்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்கள் அன்று “ஆகட்டும் ஆண்டவரே” என்றதால் எத்தனை வீடுகளில் விளக்கு எரிந்தது!

பெற்றோர்களே! ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி, “நான் குருமடத்துக்குப் போகட்டுமா?” என்று கேட்டால், “ஒரே பிள்ளை, வம்சம் என்னாவது?” என்று வாயை அடைக்கவேண்டாம். அவ்வாறே, நேர்ச்சை என்றும் வீட்டுக்குப் பெருமை என்றும் சொல்லி, மனமில்லாத பிள்ளையை மடத்துக்குத் தள்ளவும் வேண்டாம். இரண்டும் ஆண்டவருடைய இடத்தில் நாம் உட்காருவதாகும். ஜீவிய அந்தஸ்தைத் தெரிந்துகொள்வதில் யாரும் பலவந்தம் செய்யலாகாது என்று 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 219-ம் சட்டம் சொல்லுகிறது. விவாகத்துக்கும் இதுவே நீதி. பிள்ளைக்குப் புத்தி சொல்லுங்கள், காத்திருங்கள், ஜெபியுங்கள். தீர்மானத்தை மட்டும் பறித்துக்கொள்ளாதீர்கள்.

வாலிபரே! சேசுநாதரிடம் ஆவலோடு ஓடிவந்த பணக்கார வாலிபனை நினைத்துக்கொள்ளுங்கள். கற்பனைகளை எல்லாம் அனுசரித்தவன். ஆனால் ஆஸ்தியை விட மனமில்லாமல் துக்கத்தோடு திரும்பிப் போனான். ஆண்டவர் அவனைத் துரத்தவில்லை, கட்டிவைக்கவுமில்லை, அன்போடு பார்த்தார். உங்களையும் அப்படியே பார்க்கிறார். ஆகையால் இரவு ஜெபத்தில், “ஆண்டவரே, நான் என்ன செய்யச் சித்தமாயிருக்கிறீர்?” என்று தினமும் கேளுங்கள். அடிக்கடி பாவசங்கீர்த்தனம் செய்து, உங்கள் மனதிலுள்ளதைக் குருவானவரிடம் திறந்து சொல்லுங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஜெபம் கற்றுக்கொடுங்கள். வியாதிக்காரரைப் போய்ப் பாருங்கள். சும்மா இருக்கிறவன் காதில் அழைத்தல் விழுவது அரிது. பிறருக்கு ஊழியம் செய்கிறவனுக்கு வழி தானாகத் தெளியும்.

இன்றிரவு குடும்ப ஜெபமாலை முடிந்ததும், ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளின் தேவ அழைத்தலுக்காக ஓர் அருள்நிறை மந்திரம் கூட்டிச் சொல்லுங்கள். சம்மனசானவரிடம், “ஆண்டவருடைய சித்தப்படியே ஆகட்டும்” என்று சம்மதித்த தேவமாதா, நம் பிள்ளைகளுக்கும் அந்தத் தைரியத்தைப் பெற்றுத் தருவார்களாக. ஆமென்.